உப்புக்காற்றில் இறுகிப்போன டிராக்டர் என்ஜின்: எதை, எந்த வரிசையில் கழற்றுவது

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களில் கீற்றுக்கொட்டகைக்கு அடியில் நாலைந்து வருஷம் நின்றுபோன மாஸி 35, மாஸி 1035, ஃபோர்டு 3600, எச்.எம்.டி. ஜீட்டர் 2511 வண்டிகளை மறுபடி கிளப்ப நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, “பிஸ்டன்ல என்ன ஊத்தி ஊற வைக்கலாம்ணே?” என்றுதான். ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் வேலை வேறு இருக்கிறது. சுற்றாத என்ஜினில் இறுகியது பிஸ்டனாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. டைனமோ பேரிங் இறுகியிருந்தும், என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் பினியன் (சின்னப் பல்சக்கரம்) ஃப்ளைவீல் பல்லில் கடித்துக்கொண்டிருந்தும், சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைத் தூக்கிய பிறகுதான் அது தெரிய வந்த வண்டிகள் பல பட்டறைகளில் உண்டு.

உள்நாட்டில் நின்ற வண்டிக்கும் இங்கே நின்ற வண்டிக்கும் வித்தியாசம் உப்பு. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் உப்புகிறது. மரைக்குள்ளே அது விரிய இடமில்லாததால் போல்ட்டை நெருக்கிப் பிடிக்கிறது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் பங்குனி வெயிலிலும் இந்த வேலை நிற்பதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு வருஷம் முழுக்க பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நின்றது. யாருமே பெயிண்ட் அடிக்காத மேனிஃபோல்டு (ஹெட்டில் மாட்டும் புகைக்குழாய்) ஸ்டட் (தலையில்லாத, இரு முனையும் மரையுள்ள போல்ட்) என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்து விவசாயமும் இதற்குத் துணை. ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு, தை, மாசியில் அறுப்பு, அதோடு வண்டி ஓய்ந்துவிடும். அதற்குப் பின் வருகிற கச்சான் காற்று மாதங்களில் வண்டி அசையாமல் நிற்கும். உப்பளத்துக்கு ஓடுகிற வண்டிகளுக்கு அந்த மாதங்களில்தான் வேலை என்பதால் என்ஜின் உள்ளே தப்பித்துவிடும், ஆனால் வெளிப்பக்கம் மொத்தமும் போய்விடும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

முதல் வேலை கழுவுவது. உப்புப் படிந்த துருவின் மேலே ஆயில் ஊற்றினால் உப்பு ஆயிலுக்கு அடியில் தங்கிவிடும். துரு நிற்காது, ஆயிலும் இடுக்குக்குள் இறங்காது. கம்பி பிரஷ் போட்டு, ஊரணித் தண்ணீரோ குடிதண்ணீரோ நாலைந்து குடம் விட்டு, போல்ட் தலைகளைச் சுற்றி நன்றாகக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகுதான் எண்ணெய். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அதில் கழுவுவது வீண் வேலை. கழுவும் முன் சைலன்சர் வாய், ஏர் கிளீனர் வாய், டீசல் டேங்க் மூடி மூன்றையும் துணி வைத்துக் கட்டிவிட வேண்டும்.

எது இறுகியது

கியரை நியூட்ரலில் வைத்து, பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் தண்டு) லிவரை விடுவித்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். பினியன் கடித்திருந்தால் அத்தோடு வண்டி விடுபட்டுவிடும். இல்லையென்றாலும் ஃப்ளைவீல் பல்லைப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்தது, அது பின்னால் உதவும்.

அடுத்தது சம்ப் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பிளக். அதை முழுக்கக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும், ஆயில் பின்னால் வரும். ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கெட், ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்), சைலன்சர் வழியாக வந்த மழை ஆகிய மூன்றில் ஒன்று காரணம். வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றிவந்தார்கள் என்று கேட்டாலே போதும். கடலோரத்தில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் வாட்டர் ஜாக்கெட் பாதி அடைந்திருக்கும், தெர்மோஸ்டாட் மூடி வெள்ளையாகப் பூத்திருக்கும்.

சுற்றிப் பார்ப்பதற்கு முன், சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் நாசில்களைக் கழற்றியே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது. அந்த நிலையில் பலம் கொடுத்தால் கனெக்டிங் ராடு வளையும். நாசில் ஓட்டைகள் திறந்திருந்தால் தண்ணீர் பீச்சியடித்து வெளியே போய்விடும். பார்ப்பவர் முகத்தை அந்த ஓட்டைக்கு நேரே வைக்கக்கூடாது.

நாசிலே வர மறுக்கும். ஃபிளாஞ்சுள்ள நாசிலில் இரண்டு ஸ்டட் நட்டையும் எடுத்த பிறகு ஒரு பக்கம் மட்டும் கம்பி கொடுத்து நெம்பினால் ஃபிளாஞ்சு காது உடையும். சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டு, நாசில் உடம்பில் ஸ்பேனர் பிடிக்க இடமிருந்தால் இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். டீசல் பைப் மாட்டும் மரையில் ஒரு நட்டும் நீளக் கம்பியும் சேர்த்து, கம்பியில் ஓடும் எடைக்கட்டி ஒன்று செய்துகொண்டால், கட்டி மேலே வந்து முட்டும் ஒவ்வொரு முறையும் நாசில் நேராக மேலே இழுபடும். லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. நாசில் வந்தபின் அடியில் இருந்த செம்பு வாஷர் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டால் அதன் மேல் இன்னொன்றைப் போட்டு மாட்டிவிடுவது பரவலாக நடக்கிற தப்பு. நாசில் உயரம் மாறி, புகை தள்ளும்.

ஒரு சிலிண்டர் மட்டும் இறுகியிருப்பதற்கும் காரணம் உண்டு. என்ஜின் நின்ற நேரத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள்தான் சைலன்சர் வழியே மழையும் உப்புக்காற்றும் இறங்கும். வால்வு மூடியிருந்தவை பெரும்பாலும் பளபளவென்றே இருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றி ஒவ்வொரு போர்ட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தால், எந்த வால்வின் முதுகில் சிவப்புத் துரு இருக்கிறது என்பதிலிருந்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஊறவைப்பது

பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் பாதி, அசிட்டோன் பாதி என்ற கலவை இறுகிய மரைகளுக்கு மிக நல்லது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்காது. ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். ஆனால் சிலிண்டருக்கு அதை ஊற்றச் சொல்ல மாட்டேன். அசிட்டோன் நம் வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் பறந்துவிடும், தீயும் சட்டென்று பிடிக்கும். சிலிண்டருக்கு டீசல் இரண்டு பங்கு, ஏ.டி.எஃப். ஒரு பங்கு போதும். அவசரமில்லாமல் நாள்கணக்கில் ஊற வேண்டிய இடம் அது. டபிள்யூ.டி. 40 ஈரம் விரட்டும் திரவம். வருஷக்கணக்கில் இறுகியதற்கு அதை மட்டும் நம்பிக் காசு செலவழிப்பதில் பலன் குறைவு.

மாஸி 35-இல் வரும் பழைய பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 127 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 100 மில்லிலிட்டர் கலவை ஊற்றினால் பிஸ்டன் தலையில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஒரு சுத்தமான ஈர்க்குச்சியை நாசில் ஓட்டை வழியே விட்டு அளவு பார்த்துக் குறித்து வையுங்கள். மறுநாள் அளவு குறைந்திருந்தால் நல்ல செய்தி: கலவை ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. ஒரு வாரத்தில் கொஞ்சமும் குறையவில்லை என்றால் அந்த பிஸ்டன் ஊறலுக்கு மட்டும் அசையாது, ஹெட்டைத் தூக்கத்தான் வேண்டும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இல்லாத பழைய என்ஜினில் நாசில் ஓட்டை ஒரு சிறு அறைக்குள்தான் திறக்கும். அங்கே ஈர்க்குச்சி பிஸ்டன் வரை போகாது, கலவை மெதுவாகத்தான் இறங்கும். இறங்கிய டீசல் எல்லாம் சம்ப்பில்தான் சேரும். கிளப்புவதற்கு முன் அந்த ஆயிலை மாற்ற மறந்தால் பேரிங் போய்விடும்.

மூன்று நாள் முதல் இரண்டு வாரம். தினமும் காலையில் ஒருமுறை சுற்ற முயல வேண்டும், அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டு, இரண்டடி பைப், ஒரு ஆள் கை பலம். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். நட்டு தளரும் பக்கமாகத் திருப்பும்போது அதுவே கழன்றுகொள்ளப் பார்க்கும். அப்போது செல்ஃப் ஜன்னல் வழியாக ஃப்ளைவீல் பல்லில் நுனி தட்டையான கம்பி கொடுத்து நெம்பலாம். கம்பி ஒரு பல்லில் மட்டும் படாமல் இரண்டு மூன்று பல்லில் உட்கார வேண்டும், கம்பியின் அடிமுட்டு பெல் ஹவுசிங்கின் மெல்லிய ஓரத்தில் விழக்கூடாது. வார்ப்பிரும்பு சில்லு பெயர்ந்தால் ஒட்டவைக்க முடியாது.

“டாப் கியர்ல போட்டு இன்னொரு வண்டியில கட்டி இழுத்தா பிச்சுக்கிட்டு வந்துரும்” என்பார்கள். பிய்த்துக்கொண்டு வருவது பிஸ்டன் பாவாடையாகவோ (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) கனெக்டிங் ராடாகவோ இருக்கும். பின் சக்கரத்தின் பிடி முழுவதும் இறுகிய அந்த ஒரு பிஸ்டன் மேல் போய் விழுகிறது. அசைகிற பிஸ்டன்களின் ராடு நேராக இருக்கும், இறுகியதன் ராடு மட்டும் வாழை நாரைப்போல் வளைந்திருக்கும்.

முதன்முதலாக அசைந்தவுடன் முழுச் சுற்றுக்குப் போகாதீர்கள். அதற்குள் ராக்கர் மூடியை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) திறந்து ஒவ்வொரு வால்வையும் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் திருப்பி அடிக்க வேண்டும். கீழே போய் அப்படியே நின்றுவிட்டால் அந்த வால்வு கைடில் இறுகியிருக்கிறது. பிஸ்டன் மேலே வந்தால் வால்வில் முட்டும், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடு வளையும். ராக்கர் ஷாஃப்ட்டை முன்கூட்டியே கழற்றி புஷ் ராடுகளை எடுத்து, அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகிவைத்துவிட்டால் பயமில்லை. இறுகிய வால்வின் தண்டில் கலவை விட்டு, இரண்டு மூன்று மில்லி கீழே தட்டி, ஸ்பிரிங் இழுக்கவிட்டு, மறுபடி தட்டி என்று செய்தால் பெரும்பாலும் ஒரு நாளில் வழிக்கு வந்துவிடும்.

ஹெட்

தண்ணீரை வடித்து, ஹோஸ், மேனிஃபோல்டு, டீசல் பைப் எல்லாம் எடுத்தபின் ஹெட் நட்டுகளை இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று தளர்த்த வேண்டும். ஒரே நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் முறுக்கிக்கொள்ளும்.

நட்டெல்லாம் வந்தும் ஹெட் எழும்பாது. கேஸ்கெட் ஒட்டியிருப்பது சின்னக் காரணம். ஹெட்டின் ஓட்டைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் நிரம்பிய துருதான் பெரிய காரணம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உளி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கீறலில்தான் பிறகு கம்ப்ரஷனும் தண்ணீரும் கசியும், ஃபேஸிங் போட்டாலும் ஆழக் கீறல் போகாது. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் கலவை விட்டு, ஸ்டட் தலையில் செம்பு அல்லது பித்தளைக் கட்டை வைத்துப் பத்துப் பதினைந்து தட்டு. அந்த அதிர்வு எண்ணெய்க்கு வழி திறக்கும். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டில் ஸ்பேனர் போட்டு ஸ்டட்டையே வெளியே சுற்றி எடுத்துவிட முடிந்தால் மேல். இரண்டு மூன்று ஸ்டட் வந்தாலே பாதிப் பிடி போய்விடும்.

பிறகு செயின் புல்லியில் ஹெட்டை மாட்டி, சங்கிலி விறைக்கும் வரை மட்டும் இழுத்து, வண்டியின் மூக்கு எழும்பாத அளவில் நிறுத்தி, கருவேலங்கட்டையால் ஹெட்டின் தடித்த பக்கங்களில் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். அப்படியே விறைப்பில் ஒரு இரவு விட்டுவிட்டுப் போனால் காலையில் ஒரு ஓரம் கால் மில்லி எழும்பியிருக்கும். பிஸ்டன்கள் எல்லாம் சுற்றுகிற வண்டி, ஹெட் மட்டும்தான் வரவில்லை என்றால் சுலப வழி வேறு உண்டு: புஷ் ராடு, நாசில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போதே நட்டுகளை மூன்று மரை அளவு மட்டும் தளர்த்தி, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்ரஷனே ஹெட்டைத் தூக்கிவிடும்.

பிஸ்டன்

இந்த வகை வண்டிகளில் தனி சேசிஸ் கிடையாது, என்ஜினும் கியர் பாக்ஸும்தான் முதுகெலும்பு. சம்ப் போல்ட்டில் கை வைக்கும் முன் என்ஜினுக்கு முன்னும் பின்னும் கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தாக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது.

சம்ப் இறங்கியதும் அசைகிற பிஸ்டன்களின் ராடு மூடியைக் கழற்றி அவற்றை மேலே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மூடியிலும் ராடிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் எண்ணைப் புள்ளியாகக் குத்திவைக்க வேண்டும். மாறி மாட்டினால் பேரிங் பிடிக்காது. இப்போது இறுகியது மட்டும் மிச்சம். அதன் ராடு மூடியும் கைக்கு எட்டினால் கழற்றிவிட்டு, ராடு போல்ட்டுகளில் ரப்பர் ஹோஸ் துண்டு செருகிவிடுங்கள். அடிக்கும்போது கிராங்க் ஜர்னலில் கீறல் விழாது, அடி கிராங்குக்கும் போகாது.

மேலே ஸ்லீவ் சுவரைப் பாருங்கள். பிஸ்டனுக்கு மேலே துருப் பட்டை இருந்தால், மேலே எடுக்கும்போது ரிங் அதில் ஏறிச் சிக்கும். 120 நம்பர் எமரி, பிறகு 220, டீசல் தொட்டுத் தேய்த்து, விரல் வழுக்கும் வரை சுத்தம் செய்ய வேண்டும். மேல் ஓரத்தில் தேய்மான விளிம்பு இருந்தால் அதையும் சுரண்டிவிட வேண்டும்.

91.4 மில்லி போருக்கு 88 மில்லி விட்டத்தில், ஒரு சாண் உயரத்துக்கு வேப்பங்கட்டையை லேத்தில் கடைந்து வாங்குங்கள். பிஸ்டன் அலுமினியம்; நடுத் தலையில் இரும்பால் அடித்தால் விரியும், குழியும். கட்டை முழுத் தலையிலும் பரவி உட்கார வேண்டும். இரண்டு கிலோ சுத்தியலால் நடுத்தரமான அடி, ஐம்பது அறுபது. ஐந்து கிலோ சம்மட்டியால் ஓங்கி ஐந்து அடி போடுவதைவிட இது வேலை செய்யும். முதலில் கீழ்நோக்கி. ஒரு மில்லி அசைந்தாலும் போதும். எண்ணெய் விட்டு, கீழிருந்து கட்டை கொடுத்து மேலே தட்டி, மறுபடி கீழே. இப்படி அசைவைக் கூட்டிக்கொண்டே போய் மேலே எடுக்க வேண்டும். கீழ்ப்பக்கமாக எடுக்க முடியாது, கிராங்க் மறிக்கும்.

அடிப்பதற்குப் பதில் அழுத்தம் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு. 20 மில்லி கனத் தகடு ஒன்றை நாலு ஹெட் ஸ்டட்டில் ஓட்டை போட்டு உட்காரவைத்து நட்டு பூட்டி, தகட்டுக்கும் வேப்பங்கட்டைக்கும் நடுவில் 5 டன் பாட்டில் ஜாக் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விறைப்பில் விட்டுவிடலாம். இடையிடையே பிளாக்கில் தட்டினால் ‘டக்’ என்று விடும் சத்தம் கேட்கும். ஜாக் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; சரிந்தால் பாய்ந்து வரும்.

ஹெட்டைத் தூக்காமலே செய்யும் கிரீஸ் கன் வழியும் இருக்கிறது. புஷ் ராடுகளை எடுத்து வால்வுகள் மூடியிருக்க, நாசில் ஓட்டையில் அடாப்டர் பூட்டி, முதலில் ஆயில் ஊற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு கிரீஸ் அடிப்பது. கணக்குப் பார்த்தால் இந்த போரின் பரப்பு 65.6 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் ஏறினாலே பிஸ்டன் மேல் நாலரை டன் விழும். கிரீஸ் கன்னால் அதைவிடப் பல மடங்கு கொடுக்க முடியும் என்பதால் கை கனக்கும்போதே நிறுத்த வேண்டும். ஹெட் நட்டுகள் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டும். பிஸ்டன் மேல்முனையிலிருந்து கொஞ்சமாவது இறங்கி நிற்கும் நிலைதான் இதற்குத் தோது. உச்சியில் நின்றால் ராடும் கிராங்கும் ஒரே கோட்டில் இருந்து, அழுத்தம் சுற்றாமல் பேரிங்கை நசுக்கும்.

எதற்கும் அசையவில்லை என்றால் பிஸ்டனைப் பலி கொடுக்க வேண்டியதுதான். ஜீட்டர் போன்ற வெட் ஸ்லீவ் (ஸ்லீவைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்) என்ஜினில் பிஸ்டனும் ஸ்லீவும் சேர்ந்தே மேலே வந்துவிடும், வெளியே பிரஸ்ஸில் வைத்துப் பிரிக்கலாம். காற்றுக் குளிர்ச்சி ஐச்சர் டிராக்டரில் சிலிண்டர் பேரலே தனியாகக் கழலும் என்பதால் அதைவிடச் சுலபம். டிரை ஸ்லீவ் (பிளாக்கோடு ஒட்டி உட்காரும்) உள்ள பெர்கின்ஸில் பிஸ்டனில் வரிசையாக டிரில் போட்டு உளியால் பிளந்து எடுத்தபின், ஸ்லீவ் வராவிட்டால் உள்சுவரில் மேலிருந்து கீழாக இடம்விட்டு மூன்று கோடு ஆர்க் வெல்டிங் இழுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கி ஸ்லீவையும் உள்ளே இழுக்கும். அரை மணி கழித்து அடியிலிருந்து தட்டினால் கையோடு வரும். எர்த் கிளாம்ப்பை அந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே போட வேண்டும். முன் அச்சில் போட்டால் கரண்ட் பேரிங்குகள் வழியாக ஓடி அவற்றைப் பொறித்துவிடும்.

எடுத்த ஸ்லீவ் திரும்ப ஆகுமா என்பதற்கு நகம் போதும். துருக் குழியில் நகம் மாட்டினால் ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) போட்டுப் புண்ணியமில்லை, புது ஸ்லீவ்தான். பிஸ்டன் பின் வர மறுத்தால் சர்க்ளிப்பை எடுத்துவிட்டுப் பிஸ்டனைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போடுங்கள், கட்டைவிரலால் தள்ளினால் வரும்.

முறிந்த ஸ்டட்

இந்தக் கடற்கரையில் பிஸ்டனைவிட நேரத்தைத் தின்பது இதுதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் எட்டு இருந்தால் குறைந்தது மூன்று முறியும் என்று எண்ணியே வேலையைத் தொடங்க வேண்டும்.

முறியாமல் பார்த்துக்கொள்ள: நட்டைத் தளர்த்துவதற்கு முன் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு திருப்பிப் பாருங்கள். துருவின் பிடி உடைந்தால் ‘கிர்ரக்’ என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் தளர்த்துங்கள், கால் சுற்று வந்ததும் நிறுத்தி எண்ணெய் விட்டு மறுபடி உள்ளே திருப்புங்கள். ஸ்பேனர் ரப்பர் மாதிரி இழுபட்டால் போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். ஆறு முனை சாக்கெட் மட்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். இந்த வண்டிகளில் பல, அங்குல மரை. மில்லி ஸ்பேனர் அங்குல நட்டில் ஓரளவு உட்காருகிறதே என்று போட்டால் அதுவும் உருட்டும்.

சூடு என்றால் நட்டைச் சுற்றிய வார்ப்பிரும்பை மங்கிய சிவப்பு வரை கேஸ் டார்ச்சால் சுட்டு, கொஞ்சம் ஆறியதும் மரையின் வாயில் மெழுகுவர்த்தியைத் தொட வேண்டும். உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். எந்தப் பாட்டில் எண்ணெயும் அவ்வளவு உள்ளே போனதில்லை. மாஸி 35-இல் டீசல் டேங்க் என்ஜினுக்கு நேர் மேலேதான் இருக்கிறது; டார்ச் பற்றவைக்கும் முன் டேங்கை இறக்கி அப்பால் வைத்துவிட வேண்டும். அசிட்டோன் கலவை விட்ட இடத்திலும் உடனே தீ காட்டக்கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சுடவே கூடாது, குளோரின் கலந்த வகையாக இருந்தால் விஷப் புகை வரும்.

அலுமினிய மூடிகளில் இரும்பு போல்ட் இறுகியிருந்தால் கதை வேறு. தெர்மோஸ்டாட் மூடியில் தெரியும் வெள்ளைப் பொடி அலுமினியத் துரு. உப்புத் தண்ணீர் நடுவில் இருக்க, இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும் என்பதால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கினாலே பிடி தளரும். டார்ச் வேண்டாம், அலுமினியம் சிவக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகி விழுந்துவிடும்.

முறிந்துவிட்டது, துண்டு வெளியே நீட்டியிருக்கிறது அல்லது மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லி கீழே போயிருக்கிறது என்றால் நட்டு வெல்டிங்தான் முதல் வழி. பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, முறிந்த தலையைப் பளிச்சென்று சுரண்டி, அதன் மேல் ஒரு வாஷர், வாஷருக்குள் 2.5 மில்லி ராடால் 80 ஆம்பியரில் நடுவிலிருந்து நிரப்பி வாஷரோடு சேர்த்து, அதன் மேல் ஒரு சைஸ் பெரிய நட்டு வைத்து உள்ளே நிரப்ப வேண்டும். உருகிய இரும்பு வார்ப்பிரும்பு மரையில் லேசில் ஒட்டாது என்பதால் பயமில்லை. சூடு நேராக ஸ்டட்டுக்குள் போய் துருவை நொறுக்கும். சிவப்பு போய்க் கறுத்ததும் மெழுகு தொட்டு, முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நட்டு பிய்ந்து வந்தால் அலுக்காமல் மறுபடி. மூன்றாவது நாலாவது முறையில் வருவதுதான் வழக்கம், ஒவ்வொரு சூடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்தியிருக்கும்.

முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு உள்ளே செருகித் திருகி எடுக்கும் ஈஸி அவுட் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டட்டை முறித்த இறுக்கத்தை அதைவிட மெல்லிய, கடினமான, நொறுங்கும் கம்பி எப்படித் தளர்த்தும்? அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. கார்பைட் பிட் வேண்டும், அல்லது ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் அரித்து எடுக்கும்) பட்டறைக்குப் பிளாக்கையே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

டிரில் போடுவதென்றால் சரியான நடுவில் பஞ்ச் அடித்து 3 மில்லி, 5 மில்லி என்று ஏற்றி, கடைசி பிட் மரையின் அடிவிட்டத்துக்கு. எம்10-க்கு 8.5 மில்லி, அங்குல மரையில் 3/8 யு.என்.சி.க்கு 8 மில்லி, 7/16 யு.என்.எஃப்.க்கு 9.9 மில்லி. நடு தவறவில்லை என்றால் பழைய மரை சுருள் கம்பியாக உரிந்து வரும். இடது கை டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள், சில சமயம் டிரில் சுற்றும்போதே ஸ்டட் வெளியே வந்துவிடும்.

கழற்றிய சின்ன இரும்புச் சாமான்களின் துருவை எடுக்க, வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா போட்டு, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவைச் சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புக் கம்பியிலும் கொடுத்து ஒரு இரவு விடலாம். துருவோடு உள்ளே ஊறிய உப்பும் வெளியேறும் என்பதால் நம் ஊருக்கு இது ரொம்பப் பொருத்தம். சோடாவுக்குப் பதில் உப்போ கடல் தண்ணீரோ போட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஸ்டெயின்லெஸ் கம்பி, அலுமினியச் சாமான் இரண்டும் அந்த வாளிக்கு ஆகாது. திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

மாட்டும்போது

டீசல் பம்ப் இறுகியிருந்தால் வீட்டில் தட்டாதீர்கள். சி.ஏ.வி. ரோட்டரி பம்ப்பின் உள்ளே இருப்பது மெல்லிய ஷாஃப்ட், கொஞ்சம் முறுக்கினாலே போய்விடும். டைமிங் குறியைப் பார்த்து வைத்துக்கொண்டு கழற்றிப் பம்ப் கடைக்குக் கொடுப்பதுதான் செலவு குறைவு. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருப்பதை என்ஜின் ஓடும் வரை தொடத் தேவையில்லை. கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டை கொடுத்து நாலைந்து நாள் விட்டால் பல வண்டிகளில் தானாகவே விடும்.

மேனிஃபோல்டுக்குப் புது ஸ்டட், பித்தளை நட்டு. எல்லா மரையிலும் காப்பர் கிரீஸ் தடவலாம், ஹெட் ஸ்டட்டைத் தவிர. ஹெட் ஸ்டட்டின் டார்க் (இறுக்கும் பலம்) அளவு புத்தகத்தில் எந்த நிலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே மாட்ட வேண்டும். கிரீஸ் தடவிய மரை அதே டார்க்கில் கூடுதலாக இறுகி ஸ்டட்டை இழுத்துவிடும். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்டு வாயை முழுக்க மூடுகிற அளவில் ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ரேக் பம்ப் (ரேக் என்ற பல்கம்பி நகர்ந்து டீசல் அளவை மாற்றும் பம்ப்) உள்ள வண்டியில், நின்றுகிடந்த பம்ப்பின் ரேக் முழு டீசலில் ஒட்டியிருந்தால் என்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஏறும், ஸ்டாப் லிவர் கேட்காது. காற்றை அடைத்தால் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்க வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

ஓடி நின்ற வண்டியைக் கொட்டகையில் விடும்போது சைலன்சர் மேல் ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புல்லியில் ஸ்பேனர் போட்டு ஒன்றேகால் சுற்று சுற்றி, பிஸ்டன்களை வேறு இடத்தில் நிறுத்திவிட்டு வாருங்கள்.